பாண்டவர் குழிகளின் கதி

விருத்தாசலத்தை விருத்த காசி என்று கூறுவது நம் ஜனங்களின் வழக்கம். அங்கே மணிமுத்தாற்றில் இட்ட அஸ்தி கூழாங்கல்லாக மாறி ஆற்றின் அடியிலேயே தங்கிவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. மாசி மகத்தன்று பிதிர்க்கடன் செலுத்துவதற்காக அந்த ஆற்றங்கரையில் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இறந்தவர்களை மறவாத ஜனங்கள் நாம் என்று பெருமை கொள்ளக்கூடும். மூன்று தலைமுறைக்கு எள்ளும் நீரும் இறைப்பதில் நாம் தவறுவதில்லை என்பது மெய்யே. ஆனால், நூறு தலைமுறைக்கு முன்னால் இந்நாட்டில் வாழ்ந்து மடிந்தவர்களின் எலும்பைத் தாங்கிய கல்லறைகள் பல ஜில்லாக்களிலே ஜல்லியாக உடைபட்டுப் பாதையில் கொட்டப்படுவதைப் பற்றி நாம் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. அதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

நேயர்களில் பலர் இக்கல்லறைகளைப் பார்த்திருப்பார்கள்; இன்னதென்று அறியாமல் கடந்தும் போயிருப்பார்கள். ஊருக்கு வெளியே, ஏரிக்கும் குன்றடிக்கும் நடுவே, ஏர் செல்லாத கரட்டு நிலத்தில் உருண்டைப் பாறைகளை வட்டமாகப் பதித்திருக்கும். வட்டத்துக்குள்ளே கற்குவியல் ஒன்று இருக்கும். அதை நீக்கித் தோண்டினால் நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, அடியிலே ஒரு பலகையைப் பரப்பி, மேலே பெரும் பலகை ஒன்றால் மூடிய அறை தென்படும். ஒரு கல்லின் முனை அடுத்த கல்லைத் தாங்கி நிற்குமாறு ஸ்வஸ்திக வடிவில் அவற்றைச் சேர்த்திருக்கும் சாமர்த்தியத்தினால், சுற்றிலும் எவ்வளவு மண் நெருக்கினாலும் சுவர் உட்புறம் சாய்வதில்லை. பக்கப் பலகை ஒன்றில் வட்டமாக ஒரு துவாரம் குடைந்திருப்பதும் உண்டு. அதற்கு இடுதுளை என்று பெயர். தரைக்குள்ளே அமைந்த இவ்வறையை ஆராய்ச்சியாளர் கல்பதுக்கை என்கிறார்கள். தரைக்கு மேலே எழுப்பியது கல்திட்டை. பாமர ஜனங்கள் இவற்றைப் பாண்டவர் குழி என்றும், வாலியர் வீடு என்றும், குள்ளர் வீடு என்றும் கூறுவார்கள். மாண்டவர் குழி என்பதே பாண்டவர் குழியாக மருவிற்று என்று சொல்வாரும் உளர். 1823-ம் வருஷத்திலேயே பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் மலையாளத்துப் ‘பாண்டுக் குழி’களைப் பற்றி எழுதிய கட்டுரை பம்பாய் இலக்கியச் சங்கத்தாரின் வெளியீட்டில் வந்தது. ஆகவே இப்பெயர் நேற்று முளைத்ததன்று.

நம் இலக்கியத்திலும் இதற்கு ஆதாரம் இருக்கிறது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைக் கூறுமிடத்தில், இறந்தோருக்குச் செய்யும் கடன் ஐந்து விதமாகச் சொல்லப்படுகிறது. எரிப்பது, வெறுமனே போட்டு விடுவது, குழியில் புதைப்பது, நிலவறையில் வைத்து அடைப்பது, தாழிக்குள் வைத்து மூடுவது என்பவை அவை. இவற்றுள் நான்காவதுதான் நம் கல்பதுக்கை என்று கொள்வதில் தவறில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஓர் எல்லை வழக்கில் நாம் வக்கீலாக ஆஜராக நேர்ந்தது. வழக்கின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டாம். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று தாக்கலாயிற்று. நான்கு எல்லைகளில் மேற்கு எல்லையாக அதில், ‘பாண்டவர் குழி மேட்டுக்குக் கிழக்கு’ என்று எழுதியிருந்தது. எதிர்க்கட்சிக்காரர் அப்படி ஒரு மேடே கிடையாது என்றார். நாம் நேரில் சென்று பார்த்தோம். அவர் சொன்னது சரிதான், மேடு இல்லை. அது இருந்த இடத்தில் நாற்பது அடி ஆழத்துக்குப் பச்சை நீர் தேங்கிய கல்குவாரிப் பள்ளம் ஒன்று இருந்தது. கரையில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த கிழவர், “சின்ன வயசுல நாங்க அந்தக் கல்லு வீட்டுக்குள்ள ஒளிஞ்சு விளையாடுவோம் சாமி, ஒண்ணா ரெண்டா, நெறைய இருந்துச்சு” என்றார். அவர் சாக்ஷியத்தைக் கொண்டு நம் கட்சிக்காரருக்கு எல்லை கிடைத்தது. அந்தக் குழிகளில் என்ன இருந்தது என்பதை இனி எந்த நியாயஸ்தலமும் விசாரிக்க முடியாது.

என்ன இருந்திருக்கக்கூடும் என்பதை மட்டும், உடையாமல் தப்பிய இடங்களைக் கொண்டு ஊகிக்கலாம். ஈரோடு ஜில்லாவில் நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்குப் பெயர் போனதாகக் கூறப்படும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர் கொள்கை. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தாரும், பின்னர் புதுச்சேரிப் பல்கலைக் கழகத்தாரும், தமிழ்நாட்டுத் தொல்லியல் இலாகாவும் அங்கே அகழ்ந்திருக்கிறார்கள். ஊர் இருந்த இடத்தில் இரும்பு உருக்கிய உலைகளும், மணி அறுத்த பட்டறைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. ஊருக்கு வெளியே சுடுகாட்டில் இருந்த ஒரே ஒரு கல்பதுக்கையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் நொய்யல் கரையில் விளையும் கல் அன்று. கூர்ஜர தேசத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பத்துப் பலகைக் கல்லைப் பெயர்த்தெடுத்து வீட்டுப் படியாகப் போட்டுக் கொள்பவர், இத்தகைய வியாபாரத்தின் கணக்குப் புஸ்தகத்தைக் கிழித்தவர் ஆகிறார். அவர் அதை அறியார் என்பதுதான் பரிதாபம்.

பழனிக்கு அருகே பொருந்தல் என்னும் ஊரில், 2009-ம் வருஷத்தில் புதுச்சேரிப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கா. ராஜன் திறந்த ஒரு பதுக்கையில், நான்கு கால் வைத்த ஜாடி ஒன்றுக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. இறந்தவனுக்கு வழிச்சோறு போலும்! அந்த நெல்மணியை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்ததில் கி.மு. 490 என்று காலம் தெரிந்தது. அதே கல்லறையில் கிடைத்த பிரிமணை ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு சொல் பொறித்திருந்தது. தமிழ் எழுத்துக்கு அதுவரை பெரும்பாலோர் சொல்லி வந்த காலத்தை இருநூறு வருஷம் பின்னால் தள்ளுவதற்கு ஒரு பிடி நெல் போதுமானதாயிற்று. ஒரே தேதியைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்று எச்சரித்த அறிஞர்களும் உண்டு. அவர்கள் சொன்னதும் நியாயமே. ஆனால் வாதமும் எதிர்வாதமும் நடப்பதற்கு அந்த நெல் அந்த ஜாடிக்குள்ளேயே, அந்த ஜாடி அந்த அறைக்குள்ளேயே, கலையாமல் இருந்தாக வேண்டும். சந்தையில் விலைக்கு வரும் பழைய பானை அழகாயிருக்கலாம். அது ஒன்றையும் ருசுப்படுத்தாது.

2024 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் இலாகா எட்டு இடங்களில் அகழ்வு ஆரம்பித்தது. அவற்றில் ஒன்று தென்காசி ஜில்லாத் திருமலாபுரம். அங்கே வெளிப்பட்டது இதுவரை தமிழ்நாட்டில் காணாத அமைப்பு. 35 பலகைக் கற்களை நீள்சதுரமாக நிறுத்தி, உள்ளே ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கூழாங்கல்லை நிரப்பி, அதனுள்ளே தாழிகளை வைத்திருக்கிறார்கள். தாழியும் பதுக்கையும் வெவ்வேறு கூட்டத்தாரின் வழக்கம் என்று பாடப் புஸ்தகம் போல் பிரித்துப் பேசி வந்த நமக்கு, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த ஊர் ஒன்றும் இருந்தது என்று அந்த மேடு சொல்லிற்று. அந்த எட்டு இடங்களில் மற்றொன்று நம் கடலூர் ஜில்லாவைச் சேர்ந்த மருங்கூர். விருத்தாசலம் தாலுகாவிலே செங்கமேட்டில் 1950-களின் ஆரம்பத்திலேயே இந்தியத் தொல்பொருள் இலாகாவினர் சோதனை அகழ்வு நடத்தி, பெருங்கற்காலத்துக் கறுப்பு-சிவப்புப் பானை ஓட்டைக் கண்டதையும் இங்கே ஞாபகப்படுத்துகிறோம். எங்கேயோ திருநெல்வேலிச் சீமை விஷயம் என்று நம் ஜில்லாவினர் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

விருத்தாசலத்தாருக்கு இதில் வேறொரு பாத்தியதையும் உண்டு. பீங்கான் சூளைகளால் பெயர் பெற்ற ஊர் அது. அத்தொழிலைக் கற்பிக்க சர்க்காரின் கல்வி ஸ்தாபனமும் அங்கே இருக்கிறது. கல்லறைகளில் எலும்பைவிட, இரும்பைவிட, அதிகமாகக் கிடைப்பது மட்பாண்டமே. உட்புறமும் வாய் விளிம்பும் கறுப்பாக, வெளிப்புறம் சிவப்பாக, மெருகு மங்காத அந்தப் பாண்டங்களை எப்படிச் சுட்டார்கள்? வாயைக் கவிழ்த்துச் சூளையில் அடுக்கி, காற்றுப் படாத உட்பக்கம் கறுக்கவும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கவும் செய்தார்கள் என்று விளக்குகிறார்கள். களிமண் எந்த ஆற்றுப் படுகையினது, சூடு எத்தனை டிகிரி, மெருகுக்குத் தேய்த்தது என்ன என்பதையெல்லாம் சோதித்துச் சொல்லச் சூளையின் அருகிலேயே வாழ்கிறவர்களைவிடத் தகுதியானவர் யார்? கணவனோடு தன்னையும் சேர்த்து வைக்கத்தக்க அகலமுள்ள தாழி ஒன்றை வனைந்து தருமாறு ஒரு பெண் குயவனைப் பார்த்து வேண்டும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அந்தக் குயவனின் வாரிசுகள் இருக்கும் ஊரில், அவன் வனைந்ததை ஆராய ஓர் அறை ஒதுக்கலாகாதா? தொல்லியல் இலாகாவும் அந்த ஸ்தாபனமும் கலந்து யோசிப்பார்களாக.

இனி சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் நமக்குக் கோபமும் சிரிப்பும் ஒருங்கே வருகின்றன. 1958-ம் வருஷத்து மத்திய சர்க்கார் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்படாத இடத்தில்கூட, ஒரு ராஜ்ய சர்க்கார் ஆராய்ச்சிக்காக மண்ணைத் தோண்ட வேண்டுமானால் டில்லியின் முன் அனுமதி வேண்டும். ஆராய்ச்சி என்ற பெயரில் அரைகுறை வேலை நடந்து விடக் கூடாது என்பது இதன் கருத்து. நல்லது, அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அதே இடத்தை ஒருவர் ஜே.சி.பி. யந்திரத்தைக் கொண்டு ஒரே பகலில் சமதளமாக்கினால், அறிவிக்கப்படாத இடம் என்ற காரணத்தினாலேயே, இச்சட்டப்படி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தூரிகையும் சிறு கரண்டியும் கொண்டு பார்க்க வருபவருக்கு ஆறு மாதம் காத்திருப்பு. இரும்புப் பல்லைக் கொண்டு வருபவருக்குத் தடையில்லை! 2010-ல் திருத்தியபடி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறையும், லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாதுகாக்கப்படாததற்கு அவ்விதம் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் 1966-ம் வருஷத்துச் சட்டமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். கெஜட்டில் பெயர் ஏறிய பிறகே அது கையை நீட்டும்.

1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மண்ணிலிருந்து எடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. பொன் கிடைத்தால் யாராவது ஒருவர் பொறாமையினாலாவது தெரிவிப்பார். உடைந்த பானைக்கும், துருப்பிடித்த ஈட்டி முனைக்கும், சாம்பல் படிந்த நெல்லுக்கும் பத்து ரூபாய் மதிப்பு என்று எந்தக் கிராமவாசி கணக்கிடுவார்? நெல்லின் விலையைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் அல்லவா வேண்டியிருந்தது?

இக்கல்லறைகள் அழிவதற்கு முக்கிய காரணம் அவை இருக்கும் நிலத்தின் வகைதான். பழங்காலத்தார் புத்திசாலிகள், விளைநிலத்தைப் பிணத்துக்குக் கொடுக்கவில்லை. பாறை மலிந்த இடத்திலே, கல்லை அங்கேயே பிளந்து, அங்கேயே அடக்கம் செய்தார்கள். ரெவினியூ கணக்கில் அந்நிலம் கல்லாங்குத்துப் புறம்போக்கு என்றோ, தரிசு என்றோ பதிவாயிருக்கிறது. கல்குவாரிக் குத்தகைக்கு விடுவதற்கு முதலில் கண்ணில் படுவதும் அதுவே. குத்தகை ஏலத்துக்கு வரும்போது வீடு எத்தனை தூரம், பாதை எத்தனை தூரம் என்று பார்க்கிறார்கள். கெஜட்டில் இல்லாத கல்வட்டம் எத்தனை இருக்கிறது என்று கேட்பதற்கு அந்த நமூனாவில் கட்டமே இல்லை.

இத்தனையும் சொல்லி, தோண்டுவோரின் குற்றத்தை மட்டும் விட்டு விடுவது நடுநிலைமையாகாது. ஒரு கல்லறை என்பது ஒரே ஒரு தடவை விசாரிக்கக்கூடிய சாக்ஷி. மேல் பலகையை நீக்கிய மறுகணமே அது கலைய ஆரம்பிக்கிறது; இரண்டாம் முறை குறுக்கு விசாரணைக்குக் கூண்டில் ஏற்ற முடியாது. எடுத்தவர் எழுதி வைத்த குறிப்பும், படமும், வெளியிட்ட அறிக்கையுமே அந்தச் சாக்ஷியின் வாக்குமூலம். அறிக்கை வராவிட்டால், குவாரிக்காரர் அழித்ததற்கும் ஆராய்ச்சியாளர் தோண்டியதற்கும் சரித்திரத்தின் கண்ணில் வித்தியாசம் மிகக் குறைவு.

ஆதிச்சநல்லூரின் கதையைப் பாருங்கள். அது கல்பதுக்கைக் காடு அன்று, தாழிக் காடு. ஆயினும் படிப்பினை ஒன்றே. 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியர் வந்தார். எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். அலெக்ஸாந்தர் ரீ என்ற ஆங்கில உத்தியோகஸ்தர் 1899 முதல் 1905 வரை தோண்டி, எடுத்தவற்றில் பெரும்பகுதியைச் சென்னை மியூசியத்தில் சேர்த்து, 1915-ல் பட்டியலை அச்சிட்டு வெளியிட்டார். நூறு வருஷம் கழித்து, 2004-லும் 2005-லும் சுதந்திர இந்தியாவின் இலாகா அங்கே தோண்டிற்று. நூற்றுக்கும் அதிகமான தாழிகள் கிடைத்தன. அவற்றில் இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905 என்றும் 696 என்றும் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் தெரிவிக்கப்பட்டது 2019-ல். பதினான்கு வருஷம்! அதுவும் பொதுநல வழக்கு ஒன்று நடந்ததனால். அந்நிய ராஜாங்கத்தின் உத்தியோகஸ்தர் பத்து வருஷத்தில் செய்ததை, நம்மவர் நமக்குச் செய்யப் பதினான்கு வருஷம் போதவில்லை என்பது எந்தத் தேசபக்தனுக்கும் கசக்கும் விஷயம். 2023-ல் அங்கே குழிகளை அப்படியே வைத்துக் கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். காட்சி நன்று, ஆனால் கண்ணாடி அறிக்கைக்கு ஈடாகாது.

கீழடியின் சங்கதி அதற்கும் மேலாக ஆறாத புண். அங்கே முதலிரண்டு பருவம் அகழ்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்கத்தில் அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதத்தில் திருத்தித் தருமாறு அது திருப்பி அனுப்பப்பட்டது. திருத்தம் வேண்டுமென்போர் அறிக்கையை வெளியிட்டு விட்டு, எதிர்க்குறிப்பை அதன் பக்கத்திலேயே அச்சிடட்டும்; உலகத்து அறிஞர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். தஸ்தாவேஜைத் தாக்கல் செய்யவே விடாமல் அதன் நம்பகத்தைப் பற்றி வாதாடுவது எந்தக் கோர்ட்டிலும் செல்லாது.

நம் பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை உண்டு. 2025 ஜனவரி 23-ந் தேதி அன்றைய முதல் மந்திரி ஸ்டாலின் இரும்பின் தொன்மை பற்றிய நூலை வெளியிட்டார். சிவகளைத் தாழியிலிருந்து எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 3345 என்றும், திருவண்ணாமலை ஜில்லாக் கீழ்நமண்டியில் கல்வட்டத்துக்குள் இருந்த ஈமப்பேழைக் கரியின் காலம் கி.மு. 1692 என்றும் அதில் கண்டிருக்கிறது. மாதிரிகளை அமெரிக்கா, லக்னோ, அகமதாபாத் ஆகிய மூன்றிடத்துக் கூடங்களில் சோதித்தார்கள், விவரங்களையும் வெளியிட்டார்கள். முறை அதுதான், பாராட்டுகிறோம். ஆனால் மறுநாளே மேடைகளில் உலகத்துக்கே இரும்பைக் கொடுத்தவன் தமிழன் என்று முழங்கியவர்களை நாம் பின்பற்ற இயலாது. இன்னும் பல இடங்களில், பல கல்லறைகளில், அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கல்லறைகள் மிஞ்சியிருக்க வேண்டும். முழங்கியவர்களில் எத்தனை பேர் தம் ஊர்க் கல்லாங்குத்துக்குப் போய் ஒரு கல்வட்டத்தையாவது எண்ணினார்கள்? 1947-ல் மைசூர் ராஜ்யத்துப் பிரம்மகிரியில் தோண்டிய வீலர் துரை, இத்தகைய கல்லறைகள் கி.மு. 200-க்கு முற்பட்டவை அல்ல என்று கணித்தார். அது தவறென்று பின்னால் தெரிந்தது கோஷத்தினால் அன்று. மேலும் மேலும் தோண்டி எழுதி வைத்ததனால். ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை அளந்து இன்ன இனத்தான் என்று பிரிக்கும் வித்தையையும் வெள்ளைக்காரர் ஒரு காலத்தில் நடத்தினார்கள். அந்த வித்தையை நாம் நம் உட்பகைக்காகக் கையில் எடுத்துக் கொள்ள வேண்டாம். பதுக்கைக்குள் இருப்பவன் எந்தக் கட்சியிலும் சந்தா கட்டியவன் அல்லன்.

பிற தேசத்தார் என்ன செய்கிறார்கள்? நம்மைவிடச் சிறிய தேசமான டென்மார்க்கில், 1937-ம் வருஷத்துச் சட்டமொன்று, நிலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியும் பழங்காலச் சமாதி மேடுகளும் கல்லறைகளும் யாவற்றையும், தனித்தனி அறிவிப்பு இல்லாமலே ஒரே வீச்சில் பாதுகாத்தது. உழுகிறவன் மேட்டைச் சுற்றிக் கொண்டு உழுகிறான். கொரியாவில் மூன்று ஊர்களின் கல்திட்டைகள் 2000-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் உலகச் சொத்துப் பட்டியலில் ஏறின. இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவ என்ற இடத்தில், நம் பதுக்கைகளைப் போன்றே பலகைக் கல்லால் அமைத்த ஆதிகாலக் கல்லறைத் தொகுதியை ஜெர்மானியரோடு சேர்ந்து அகழ்ந்து, சிலவற்றைத் திறந்தபடியே வைத்து யாத்ரிகருக்குக் காட்டுகிறார்கள். அங்கே கிடைத்ததும் சூதுபவளம். அங்கே கிடைத்ததும் கறுப்பு-சிவப்புப் பாண்டம். கடலுக்கு அக்கரையில் காப்பாற்றப்படுவது இக்கரையில் ஜல்லியாகிறது.

விவசாயியின் கட்சியையும் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் பண்டிதர்களும் பத்திரிகைக்காரர்களும் பேசுவதனாலேயே பாதிக் கல்லறைகள் போயின என்பது நம் அபிப்பிராயம். பட்டா நிலத்தில் உழும்போது தாழி உடைந்தால், ஏழை விவசாயி என்ன நினைக்கிறான்? இலாகாவுக்குச் சொன்னால் நிலம் போய்விடும். பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை நட்டுவிட்டால் நூறு மீட்டருக்குள் கிணறு வெட்ட முடியாது, வீடு கட்ட முடியாது. ஆகவே இருட்டுவதற்குள் மூடிவிடுகிறான். மத்திய சர்க்காரின் சின்னங்களுக்கு 2010-ல் விதித்த நூறு மீட்டர்த் தடை அவன் காதிலும் விழுந்திருக்கிறது. அவன் பயம் வீண் பயம் அன்று. ஒரு தாழி கிடைத்ததற்காக ஒரு குடும்பத்தின் அரை ஏக்கர் நிலத்தைக் காலவரையறையின்றி முடக்குவது நியாயமாகாது. தெரிவித்தவனுக்கு அந்தப் போகத்தின் நஷ்டத்தைக் கொடுத்து, இத்தனை மாதத்துக்குள் அகழ்ந்து முடித்து நிலத்தை ஒப்படைப்போம் என்று எழுத்து மூலம் வாக்களித்தால், அவனே இலாகாவைத் தேடி வருவான். புறம்போக்கில் இருப்பவற்றுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அங்கே சொந்தக்காரர் சர்க்காரே. அழிவது பெரும்பாலும் அங்கேதான் என்பதை மறக்கலாகாது.

ஆகவே நாம் கேட்பது பெரிய செலவைக் கோரும் காரியம் அன்று. கல்லாங்குத்துப் புறம்போக்கு எதையும் குவாரிக் குத்தகைக்கு விடுமுன், அங்கே கல்வட்டமோ பதுக்கையோ இல்லை என்று தொல்லியல் இலாகாவின் அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று சர்க்கார் விதி செய்யட்டும். கண்ணுக்குத் தெரியும் கல்லறைகளுக்கு டென்மார்க்கைப் போலப் பொதுவான காப்பு அளிக்க, 1966-ம் வருஷத்துச் சட்டத்தைச் சட்டசபை திருத்தட்டும். அதற்குள் எத்தனை மேடுகள் மிஞ்சும் என்று நமக்குத் தெரியாது. ஆதலால் ஊழியர்களாகிய நேயர்கள் அதுவரை கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஊர் தோறும் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கூடுகிறது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக் கிழமை ஊர்ப் பெரியவர் ஒருவரையும் பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவரையும் அழைத்துக் கொண்டு கரட்டு மேட்டுக்குப் போங்கள். மண்வெட்டியைக் கொண்டு போகாதீர்கள். ஒரு கல்லையும் புரட்டாதீர்கள். புதையல் இருக்கிறதென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நம்புகிறவர்களை அழைத்துச் செல்லவும் வேண்டாம். சர்வே நம்பர் என்ன, வட்டங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் குறுக்களவு எத்தனை அடி, மேல் பலகை இருக்கிறதா, இடுதுளை தெரிகிறதா, பக்கத்தில் குவாரி எவ்வளவு தூரம், பெரியவர்கள் அந்த இடத்தை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்பவற்றை எழுதி, புகைப்படம் எடுத்துக் கொள்ளுங்கள். அந்த விவரத்தையே தீர்மானமாகச் சபையில் நிறைவேற்றி, பதிவேட்டில் ஏற்றச் செய்து, ஒரு பிரதியைக் கலெக்டருக்கும், ஒரு பிரதியைச் சென்னை எழும்பூரிலுள்ள தொல்லியல் இலாகாவுக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக் கொள்ளுங்கள். அப்படி ஒரு கடிதம் ஃபைலில் இருக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விடக் கையெழுத்திடும் உத்தியோகஸ்தர், பின்னால் ஹைகோர்ட்டில் தமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. மூன்றாவது பிரதி ஒன்றை நமக்கு அனுப்பினால், ஊர்ப் பெயருடன் இப்பத்திரிகையில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.